16 வீடு, ஒரு கேட்: ஒயர் இன்டர்காம் போட்ட அனுபவம்

எங்கள் அபார்ட்மெண்டில் இன்டர்காம் வேலை ஒருவழியாக முடிந்தது. பி பிளாக் நாலாவது மாடியில் போனை எடுத்து எண்ணை அழுத்தினால் கேட்டில் மணி அடிக்கிறது. பேச்சு சுத்தமாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது மட்டும் கேட்பதில்லை. கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றுக்கே நிறைய உழைப்பு போனது. அதற்கு மேல் உழைப்பு போன இடம் இன்னொன்று உண்டு: ஒயர் இழுக்கும் முன் குழாய்க்குள் ஏற்கெனவே என்ன ஓடுகிறது என்று பார்ப்பது. இதை எழுதக் காரணமே அதுதான். "போன் ஒயர்தானே, என்ன ஆகிவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒயர் ஒன்றும் செய்யாது. அது போகிற பாதையில் இருப்பது செய்யும்.

இடம் பெங்களூர், லிங்கராஜபுரம் பக்கம். ஏ, பி என்று இரண்டு பிளாக். கீழே பார்க்கிங், மேலே நாலு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. மொத்தம் 16. வாசலில் ஒரு செக்யூரிட்டி கேபின். விருந்தாளி வந்தால் தெரிவிக்க செல்போன் ஆப் ஏற்கெனவே இருக்கிறது, இன்றும் இருக்கிறது. ஆனால் பாதி வீடுகளில் பெரியவர்கள் மட்டும். மத்தியானம் செல்போன் ஒரு அறையில், அவர்கள் ஒரு அறையில். கேட்டில் கூரியர் நிற்பார், செக்யூரிட்டி அண்ணன் நாலு மாடி ஏறுவார். அவருக்கும் வயது 58. சொசைட்டி கூட்டத்தில் பேசி, ஆப்பும் இருக்கட்டும், சுவரில் ஒரு போனும் இருக்கட்டும் என்று முடிவானது.

வேலை செய்தவர்கள்: அல்சூரிலிருந்து வரும் எங்கள் வழக்கமான எலக்ட்ரீஷியன் அண்ணன், அவருடைய உதவிப் பையன், நான். அப்புறம் ஏ பிளாக் மூன்றாவது மாடி மாமா. துரவாணி நகர் ஐடிஐ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாடு முழுக்க டெலிபோனும் எக்ஸ்சேஞ்சும் செய்து அனுப்பிய, 1948இல் தொடங்கிய அதே ஐடிஐ. முதல் நாளே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, மாடிக்கு மாடி ஒயர்கள் ஏறிப்போகிற ஷாஃப்ட் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஒயரில் ஓடுவது என்ன

நாங்கள் வாங்கியது 24 எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு) உள்ள அனலாக் இபிஏபிஎக்ஸ் பெட்டி, அதாவது கட்டிடத்துக்குள் போன்களை ஒன்றோடொன்று இணைக்கிற சின்ன எக்ஸ்சேஞ்ச். ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஜோடி ஒயர் போதும். மேசையில் வைத்து முதலில் மீட்டரால் பார்த்தோம். போன் கீழே இருக்கும்போது 46 வோல்ட் டிசி. ரிசீவரை எடுத்ததும் 8 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இது வரைக்கும் சாது. மணி அடிக்கும்போது அதே ஜோடியில் 70 வோல்ட்டுக்கு மேல் ஏசி வருகிறது. ஆளைக் கொல்லாது, ஆனால் ஏணி மேல் நிற்பவரைக் கீழே தள்ள அது போதும். எங்கள் பையனுக்கு ஒயரைப் பல்லால் கடித்து உரிக்கிற பழக்கம். மாமா ஒன்றும் சொல்லாமல் இரண்டு முனையை அவன் கையில் கொடுத்து, அந்த நம்பருக்கு ரிங் கொடுத்தார். "இதைத்தான் வாயில வைக்கப் போற" என்றார். மறுநாள் ஸ்ட்ரிப்பர் வந்துவிட்டது, ₹180. (ஆளை வைத்து இப்படிச் சோதிப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை.)

அதிலிருந்து ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். எல்லா வீட்டு முனையும் முடியும் வரை பெட்டி அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஒயர் வேலை முழுக்க உயிரில்லாத ஒயரில்.

குழாய்க்குள் 230 வோல்ட்

பில்டர் கட்டும்போதே ஒவ்வொரு மாடி ஷாஃப்டிலிருந்தும் வீட்டு ஹாலுக்கு 20 மி.மீ. குழாய் புதைத்து, அதில் டெலிபோன் ஒயர் போட்டிருந்தார். பழைய ஒயர் பல இடத்தில் அறுந்திருந்தது. அதையே இழுவைக் கயிறாக வைத்துப் புது ஒயரை உள்ளே கொண்டுபோவது திட்டம். அதற்கு முன் ஒவ்வொரு பழைய முனையிலும் எர்த்துக்கு மீட்டர் வைத்தோம்.

பி பிளாக்கில் கிட்டத்தட்ட எல்லா முனையிலும் 60, 70, 80 வோல்ட் ஏசி என்று காட்டியது. பையன் பயந்து விலகினான். அண்ணன் சிரித்தார். டிஜிட்டல் மீட்டர் மிகச் சின்ன மின்னோட்டத்தைக் கூட வோல்டேஜாகக் காட்டும். பக்கத்தில் கரண்ட் ஒயர் ஓடினாலே தொங்கிக்கொண்டிருக்கும் வெறும் ஒயரில் இப்படி ஒரு எண் வரும். நிஜமா பொய்யா என்று பார்க்க அவர் வைத்திருந்தது ஒரு பழைய ஜீரோ வாட் பல்ப். பெயர்தான் ஜீரோ, உண்மையில் 15 வாட். ஹோல்டரில் மாட்டி இரண்டு இன்சுலேட்டட் ப்ரோப் வைத்து டேப் சுற்றியிருந்தார். பல்பை இணைத்ததும் 80 வோல்ட் சட்டென்று பூஜ்யம் ஆனால் அது பொய் வோல்டேஜ். ஒவ்வொன்றாக பூஜ்யம் ஆனது.

முதல் மாடியில் ஒரு முனை 80 காட்டவில்லை, 229 காட்டியது. அண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் காலுக்கடியில் ரப்பர் மேட் போட்டுக்கொண்டார். பல்பை வைத்தார். இழை ஒரு நொடி கூட முழுதாக இல்லை, சிவந்து அணைந்தது. அதே நேரம் 102இன் கதவுக்குப் பின்னால் டிவி சத்தம் நின்றது. அந்த வீட்டின் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச், விழுந்திருந்தது. 15 வாட் பல்ப் 230 வோல்ட்டில் எர்த்துக்கு 65 மில்லி ஆம்பியர் தள்ளும். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்கே விழ வேண்டும். எந்த வீட்டிலிருந்து கரண்ட் வருகிறது என்று தேட வேண்டிய வேலை இல்லாமல் போனது.

102 ஆன்ட்டி கதவைத் திறந்து, "கரண்ட் போச்சா தம்பி?" என்றார். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. சில வருஷம் முன்பு இன்டீரியர் வேலை செய்தவர்கள் செருப்பு ஸ்டாண்டுக்கு லைட் போட்டிருக்கிறார்கள். சுவரை உடைக்காமல் இருக்க, காலியாகத் தெரிந்த டெலிபோன் குழாய் வழியாக ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொண்டுபோயிருக்கிறார்கள். "அது சின்ன எல்இடி லைட்டுதானே" என்றார் ஆன்ட்டி. லைட் சின்னதுதான், அதற்கு வருகிற வோல்டேஜ் மிக்சிக்கு வருகிற அதே வோல்டேஜ்.

எம்சிபியை இறக்கி, மேலே டேப் ஒட்டி, மறுபடியும் மீட்டரும் பல்பும் வைத்துப் பார்த்த பிறகு ஒயரை வெளியே இழுத்தோம். ஒரு வளைவில் இரண்டு ஒயரும் உரசி, கரண்ட் ஒயரின் தோல் அரை அங்குலம் போயிருந்தது. செம்பு பளபளவென்று தெரிந்தது. டெலிபோன் ஒயரின் ஒரு கால் (ஜோடியில் ஒரு ஒயர்) அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று பெட்டியை மாட்டியிருந்தால் எக்ஸ்டென்ஷன் கார்டு புகைந்திருக்கும். கார்டு போனால் பணத்தோடு போகிறது. ஷாஃப்டில் வெறும் கையால் ஒயரைப் பிடித்திருந்தால் அந்தக் கணக்கே வேறு. செருப்பு ஸ்டாண்டு லைட்டுக்குத் தனியாக கேசிங் (சுவர் மேல் ஓடும் ஒயர் உறை) போட்டு வேறு பாதையில் கொடுத்தோம். 102க்கு அதில் தனிச் செலவு ₹650, ஆன்ட்டி தந்துவிட்டார்.

இதன் பிறகு ஏ பிளாக்கிலும் எல்லா முனையையும் பல்ப் வைத்தே பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு வீட்டில் குழாய் சிமெண்ட் இறங்கி அடைத்திருந்தது. உடைக்கவில்லை, வாசல் நிலையை ஒட்டி அரை அங்குல கேசிங்கில் கொண்டுபோனோம்.

கேபிள் வாங்கியது

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், எல்லா தரத்திலும் கிடைக்கும். வீட்டுக்குள் போக இரண்டு ஜோடி, 0.5 மி.மீ. டெலிபோன் ஒயர், 90 மீட்டர் சுருள். முதலில் ஒரு கடையில் ₹700க்குக் கொடுத்தார்கள். கொண்டுவந்து பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் உதிர்ந்து உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. சுரண்டாமலே கண்டுபிடிக்கலாம்: சுருளின் ஒரு பக்கம் இரண்டு ஒயரை முறுக்கி, மறுபக்கம் ஓம் பாருங்கள். 0.5 மி.மீ. சுத்தச் செம்பு என்றால் போக வர ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 175 ஓம், அதாவது 90 மீட்டருக்கு 16 ஓம் அளவில் வர வேண்டும். இது 25 காட்டியது. மின்தடை கூட எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை, இந்தத் தூரத்துக்குப் பேச்சு போய்விடும். குரோன் பிளாக்கில் (ஒயர்களை அழுத்தி இணைக்கிற கட்டை) அழுத்தும்போது ஒயர் ஒடிகிறது என்பதுதான் தகராறு. ஒடியாத இடத்திலும் ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்காது. திருப்பிக் கொடுத்து, ₹650 கூடப் போட்டு ₹1,350க்குச் செம்பு ஒயரே வாங்கினோம். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தேன், 15.9 ஓம். கடைக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை.

கேபினிலிருந்து பிளாக்குகளுக்கு 10 ஜோடி ஜெல்லி கேபிள், அதே 0.5 மி.மீ., மீட்டர் ₹78. ஏ பிளாக்குக்கு 22 மீட்டர், பி பிளாக்குக்கு 67 மீட்டர். 100 மீட்டராகவே வாங்கினோம். தரைக்கடியில் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு ஜெல்லி நிரப்பிய கேபிள்தான் சரி. உள்ளே கை வைத்தால் பிசுபிசுப்பு, பழைய துணி நிறைய எடுத்து வையுங்கள். ஷாஃப்டில் மேலே ஏற ஜெல்லி இல்லாத 10 ஜோடி, மீட்டர் ₹62.

தரைக்கடியில்

பி பிளாக்குக்குப் போகிற குழாய் நடுவில் ஒரு சேம்பரில் இறங்கி ஏறுகிறது. மூடியைத் திறந்தால் முழங்கால் அளவு தண்ணீர். பையன் கையை விடப் போனான். அண்ணன் தடுத்து டார்ச் அடித்தார். தண்ணீருக்குள் தோட்ட விளக்குக்குப் போகிற ஒயரின் ஜாயிண்ட், கறுப்பு டேப் மட்டும் சுற்றியபடி மிதந்துகொண்டிருந்தது. தோட்ட விளக்கு எம்சிபியை இறக்கிய பிறகே தண்ணீரை இறைத்தோம். அந்த ஜாயிண்டை சேம்பருக்கு மேலே சுவரில் ஒரு வாட்டர்ப்ரூஃப் பெட்டிக்குள் கொண்டுபோனோம். இன்டர்காம் வேலையில் சேராது, ஆனால் பார்த்த பிறகு விட்டுவிட்டு வர முடியாது.

ஒயர் இழுக்கிற ஸ்பிரிங் 40 மி.மீ. குழாயில் பாதி வரை போய் மடங்கியது. கை கொடுத்தது மாமா சொன்ன வழி: நைலான் நூல் முனையில் பிளாஸ்டிக் பை ஒன்றைப் பந்தாகக் கட்டி ஒரு வாயில் விட்டு, மறு வாயில் வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சுவது. பை ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பக்கம் வந்துவிட்டது. நூலில் கயிறு, கயிற்றில் கேபிள். கேபிள் மேல் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு ஆள் தள்ள, ஒரு ஆள் இழுக்க, அவசரமில்லாமல். பலமாக இழுத்தால் உள்ளே ஜோடிகளின் முறுக்கு தளரும்.

மேலே கொண்டுபோக அண்ணன் முதலில் காட்டியது லிப்ட் குழி. நேராக, காலியாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் லிப்ட் சம்பந்தமில்லாத ஒயர் எதுவும் லிப்ட் குழிக்குள் போகக் கூடாது. ஒரு கிளாம்ப் கழன்று கேபிள் ஓடுகிற லிப்டில் மாட்டினால் நினைத்துப் பார்க்க வேண்டாம். கரண்ட் ஷாஃப்டிலேயே எதிர்ச் சுவரில் தனிக் குழாய் போட்டோம். மெயின் கேபிளுக்கும் இதற்கும் எங்கும் ஒரு அடிக்குக் குறையாமல் இடைவெளி. வீட்டுப் பக்கம் கடக்க வேண்டிய இடத்தில் கூடவே ஓடாமல் செங்குத்தாகக் குறுக்கே. ஸ்லாப்பில் போட்ட ஓட்டைகளைத் தீ தடுக்கும் சீலன்டால் அடைத்தோம். கீழே முதல் ஒன்றரை மீட்டருக்கு மட்டும் இரும்புக் குழாய், எலிக்காக.

எர்த்

கேபினில் பெட்டி மாட்டப் போகிற பிளக்கில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 232. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 87, அதுவும் ஊசலாடிக்கொண்டு. எர்த் பின் பெயருக்கு இருந்தது, பின்னால் பச்சை ஒயர் அறுத்து விட்டிருந்தார்கள். மெயின் பேனலின் எர்த் பட்டையிலிருந்து 6 சதுர மி.மீ. பச்சை ஒயர் 25 மீட்டர் இழுத்தோம், ₹1,800. பிறகு ஃபேஸ்-எர்த் 231, நியூட்ரல்-எர்த் 1.4. இதே எர்த்தில்தான் மின்னல் காப்பும் சேர்கிறது. பெங்களூரில் ஏப்ரல், மே சாயங்கால இடி மழை எல்லோருக்கும் தெரியும். கட்டிடம் விட்டுக் கட்டிடம் போகிற கேபிள் என்பதால் இரண்டு முனையிலும் குரோன் பிளாக் மேல் கேஸ் ட்யூப் மேகஸின் (மின்னலின் அதிக வோல்டேஜை எர்த்துக்கு இறக்கிவிடும் ட்யூப்கள் உள்ள சட்டம்) போட்டோம், ஒன்று ₹650, நாலு. கேபிளின் அலுமினியத் திரையை கேபின் பக்கம் மட்டும் எர்த் செய்தோம்.

இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டரான மெக்கர் வைக்கும்போது ஒரு வேடிக்கை. 500 வோல்ட் மெக்கரில் எல்லா ஜோடியும் எர்த்துக்குப் பூஜ்யம் காட்டியது. புதுக் கேபிள் முழுக்க நாசமா என்று உட்கார்ந்துவிட்டோம். மேகஸினை மாட்டியபடியே சோதித்திருந்தோம். 230 வோல்ட் கேஸ் ட்யூப் 500 வோல்ட்டைப் பார்த்ததும் அதன் வேலையைச் சரியாகச் செய்து எர்த்துக்கு இறக்கிவிடுகிறது. கழற்றிவிட்டுப் பார்த்தால் 200 மெகாஓமுக்கு மேல். போன், பெட்டி, மேகஸின் மூன்றும் இல்லாத வெறும் கேபிளில்தான் மெக்கர் வைக்க வேண்டும்.

இரவில் கேட்ட குரல்

எல்லாம் முடிந்து பெட்டியை உயிர்ப்பித்தோம். 16 வீட்டிலும் டயல் டோன். கேட்டிலிருந்து எல்லோருக்கும் ரிங் போனது. லட்டு கூட வந்துவிட்டது.

அன்று இரவே பி 201 வீட்டுக்காரர் என்னிடம் வந்து, தணிந்த குரலில், "சார், நான் கேட்டோட பேசறப்ப பின்னாடி வேற யாரோ பேசறாங்க" என்றார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னேன். அப்போது, ரொம்ப அடியில், பி 202 பாட்டி வேறொரு வீட்டுக்காரரிடம் ரேஷன் கார்டு பற்றிப் பேசுவது வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது.

மீட்டரில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு ஜோடிக்கும் இடையே இன்சுலேஷன் அருமை. ஒவ்வொரு ஒயரும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தொடர்ச்சியாக இருக்கிறது. பெட்டியில் போர்ட்டை மாற்றிப் போட்டோம், குரல் கூடவே போனது. போனை மாற்றினோம், அப்படியே. ஆக, கேபிள்.

மாமா பி பிளாக் கீழ்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பார்த்ததும், "இவ்வளவு நீளம் யாரு பிரிச்சது?" என்றார். 10 ஜோடி கேபிளில் முதல் ஐந்து ஜோடிக்கு ஒரு கால் வெள்ளை: வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, வெள்ளை-பழுப்பு, வெள்ளை-சாம்பல். அடுத்த ஐந்துக்குச் சிவப்பு, அதே ஐந்து நிறங்களோடு. பையன் மேலுறையை ஒன்றரை அடி உரித்து எல்லா முறுக்கையும் பிரித்துச் சீவி விட்டிருந்தான், பார்க்க அழகாக இருந்தது. முறுக்கு பிரிந்துவிட்டால் ஐந்து வெள்ளையில் எது நீலத்தின் வெள்ளை, எது ஆரஞ்சின் வெள்ளை என்று சொல்லவே முடியாது. எங்கள் கேபிளில் வெள்ளைக்கு மேல் கோடோ வளையமோ எதுவும் இல்லை. அவன் கைக்கு வந்த வெள்ளையை வைத்துவிட்டு, கேபின் பக்கம் மீட்டரால் பீப் பார்த்து, அதற்கேற்ப அங்கே மாற்றிக்கொண்டான். டிசி கணக்கில் அது முற்றிலும் சரி, அதனால்தான் மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் ஒரு ஜோடி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போவதால்தான் பக்கத்து ஜோடியின் பேச்சு அதில் ஏறுவதில்லை. இரண்டு காலிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 201இன் நீலக் கால் ஒரு முறுக்கிலும் வெள்ளைக் கால் 202இன் ஆரஞ்சோடு இன்னொரு முறுக்கிலும் 67 மீட்டர் போனால், அந்த 67 மீட்டரும் 202 பேசுவது 201இன் ஒரே காலில் மட்டும் ஏறிக்கொண்டே வரும். ஏ பிளாக்கில் இதே பையன் இதே மாதிரி ஒரு ஜோடியைப் பிரித்திருந்தான். அங்கே 22 மீட்டர் என்பதால் யாருக்கும் கேட்கவில்லை. அதையும் பிறகு சரி செய்தோம்.

இரண்டு முனையிலும் கேபிளைப் புதிதாக வெட்டி, மேலுறையை நாலு விரல் மட்டும் உரித்து, ஒரு ஜோடியை எடுத்து முறுக்கு கலையாமல் குரோன் வாய் வரை கொண்டுபோய் அழுத்திய பிறகே அடுத்த ஜோடியைத் தொட வேண்டும் என்றார் மாமா. குரோனில் ஒயரை உரிக்கத் தேவையில்லை, வாயில் வைத்து டூலால் அழுத்தினால் கத்தி போன்ற இரு இதழ்கள் இன்சுலேஷனைக் கிழித்துச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். டூலின் வெட்டும் பக்கம் வெளியே இருக்க வேண்டும். மறந்தால் இணைக்கிற ஒயரையே நறுக்கிவிடும். ₹300க்குக் கிடைக்கிற நகல் டூல் சரியாக அழுத்துவதில்லை, பாதி பிடித்தும் பிடிக்காமலும் விடுகிறது. ₹1,900 கொடுத்து நல்லது வாங்கினோம், சொசைட்டி அலமாரியில் இருக்கிறது. அதன் பிறகு 201இல் ஃபேனை நிறுத்தி, 202 பாட்டியைப் பேசச் சொல்லி, வெகுநேரம் காதில் வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

மீதி

கடைசி வீட்டுக்கு, பி 402க்கு, போக வர மின்தடை 17 ஓம் சில்லறை வந்தது. கேபிள் 67, ஷாஃப்ட் 18, வீட்டுக்குள் 12 மீட்டர் என்று கூட்டினால் கணக்கும் அதேதான். மீட்டரும் கணக்கும் ஒத்துப்போனால் எங்கும் இளகிய ஜாயிண்ட் இல்லை என்று அர்த்தம். எல்லா வீட்டு அளவையும் இப்படி எழுதி வைத்திருக்கிறோம்.

புரோகிராமிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு பிளாக்கிலும் லிப்ட் வாசலில் வைத்த போன் மட்டும் ஹாட்லைன்: எடுத்தாலே கேட்டில் அடிக்கும். செக்யூரிட்டி அண்ணன் கேட்டுக்கொண்டதால் வீட்டு எண்ணையே எக்ஸ்டென்ஷன் எண்ணாக வைத்தோம். ஏ பிளாக்குக்கு முன்னால் 1, பி பிளாக்குக்கு 2. பி 402 என்றால் 2402. அட்டை பார்க்கத் தேவையில்லாமல் முதல் நாளே பழகிவிட்டார். கரண்ட் போனால் 600 விஏ யுபிஎஸ், உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று. பெட்டி இழுப்பது 22 வாட்தான். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்ததில் ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கியது.

செலவு: பெட்டி ₹28,500. போன் 19, ஒன்று ₹550 வீதம் ₹10,450. ஜெல்லி கேபிள் ₹7,800, ஷாஃப்ட் கேபிள் ₹2,480, வீட்டு ஒயர் மூன்று சுருள் ₹4,050. குரோன் பிளாக் ₹1,600, மேகஸின் ₹2,600, பெட்டிகள் ₹2,400, குழாயும் கேசிங்கும் கிளாம்பும் ₹3,900. யுபிஎஸ் ₹3,200, எர்த் ஒயர் ₹1,800, டூல் ₹1,900, கூலி ₹14,000. மொத்தம் ₹84,680, வீட்டுக்கு ₹5,300க்குக் கொஞ்சம் கீழே. மாமாவுக்குக் கூலி இல்லை, காபி மட்டும். ஸ்ட்ரிப்பர் என் கைக்காசு.

முடிந்த சில நாளில் ஒரு சாயங்காலம் பலத்த இடி. மறுநாள் காலை பி 301 போன் செத்துக் கிடந்தது. மேகஸினைக் கழற்றியதும் உயிர் வந்தது. அந்த ஜோடியின் கேஸ் ட்யூப் ஷார்ட் ஆகியிருந்தது. பெட்டியின் கார்டுக்கு ஒன்றும் இல்லை. ட்யூப் ஒன்று ₹40தான். இப்போது கேபின் டிராயரில் பத்து இருக்கிறது.

இன்னொரு முறை செய்வதாக இருந்தால் பி பிளாக்குக்கு 10 ஜோடி போட மாட்டேன். எட்டு வீடு, ஒரு லிப்ட் வாசல் போக மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி. 20 ஜோடி போட்டிருந்தால் இந்த 67 மீட்டருக்கு நாலாயிரம் கூட ஆகியிருக்கும், அவ்வளவுதான். கேபின் பெட்டியை இன்னும் ஒரு அடி மேலே மாட்டுவேன், பெரிய மழைக்குக் கேபின் வாசல் வரை தண்ணீர் வருகிறது. பல்பைக் கொண்டுவந்து மாட்டுகிற தொல்லை இல்லாமல், பொய் வோல்டேஜைத் தானே இறக்கிக் காட்டும் லோ இம்பீடன்ஸ் வசதியுள்ள மீட்டர் ஒன்று வாங்குவேன். லிப்டுக்குள் இருக்கும் இன்டர்காமை நாங்கள் தொடவில்லை. அந்த ஒயர் லிப்டோடு ஏறி இறங்குகிற கேபிளில் வருகிறது, லிப்ட் சர்வீஸ் ஆட்கள் வந்துதான் கீழே ஒரு ஜோடி எடுத்துத் தர வேண்டும். மீதி இருக்கிற எக்ஸ்டென்ஷனில் ஒன்றை அதற்காக ஒதுக்கி, குரோனில் சிவப்பு மூடி போட்டு வைத்திருக்கிறோம்.